தாய்க்கு ஒரு கதிரை



வரலாறு என்றதும் நமது எண்ணம் கோட்டைகளையும் அரண்மனைகளையும் நாடிச் செல்கின்றது. மாணவர்க்கு வரலாறு கற்பித்த ஆண்டுகளில் எத்தனையோ கோட்டைகளின் மதிலையும் அகழியையும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கின்றேன். ஆயினும், ஒரு சுவர் எந்த இடத்தில் எழுப்பப்படுகின்றது, ஒரு கதவு யாருக்குத் திறக்கின்றது என்பன மனிதரின் உள்ளத்தை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதை நான் அறிந்துகொண்டது வைத்தியசாலை ஒன்றின் விறாந்தையிலே கிடந்த ஒரு வாங்கிலில் இருந்தபோதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் முப்பதாம் வாரத்திலேயே ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள். குழந்தையின் நிறை 1,300 கிராம். சத்திரசிகிச்சையினால் பிறந்த அக்குழந்தையை உடனே குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு எடுத்துச் சென்றனர். மகள் கிடந்த வாட்டு கீழ்மாடியில் இருந்தது. குழந்தையின் பிரிவு மேல்மாடியில். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, தையலிட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, சிறு கிண்ணத்திலே எடுத்த தாய்ப்பாலுடன் அவள் படியேறிச் செல்வாள். உள்ளே வைத்தியரும் தாதியரும் அல்லும் பகலும் உழைத்தனர். அவர்கள் இல்லையேல் என் பேத்தி இன்று இல்லை. ஆதலால் அவர்களைக் குறைசொல்ல என் நா எழாது. ஆனால் அக்குழந்தை கிடந்த கண்ணாடிப் பெட்டியின் அருகே ஒரு கதிரை இருக்கவில்லை. கதிரை போட இடமும் இருக்கவில்லை. அந்த அறையை வரைந்தவர் பெட்டிக்கு இடம் ஒதுக்கியிருந்தார், இயந்திரத்துக்கு ஒதுக்கியிருந்தார், தாதி நடந்து செல்வதற்கும் ஒதுக்கியிருந்தார். தாய் என்றொருத்தி அங்கே வந்து நிற்பாள் என்பது மட்டும் அவருடைய கணக்கில் வரவில்லை. நின்றபடியே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிடுவாள் என் மகள். நான்காம் நாள் என்னிடம், "அம்மா, அது என்ரை பிள்ளையெண்டு எனக்கு இன்னும் மனதிலை படேல்லை" என்றாள்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. அக்கதிரை ஏன் அங்கே இல்லாமற் போயிற்று என்று தேடத் தொடங்கினேன். அத்தேடல் என்னை நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கி, பாரிஸ் மாநகரின் விலங்குக்காட்சிச் சாலை ஒன்றுக்கு இட்டுச் சென்றது.

1870-71 ஆம் ஆண்டுகளில் பிரான்சு தேசம் பிரசியாவுடன் போரிட்டுத் தோற்றது. தோற்ற நாடு தன் மக்கட்டொகையை எண்ணிப் பார்த்தது. பிறக்கும் பிள்ளைகள் குறைவு, பிறந்தவற்றுள்ளும் இறப்பவை மிகுதி என்று கண்டு கலங்கியது. அக்காலத்தில் பாரிஸ் மகப்பேற்று மனையிலே பெரிய வைத்தியராய் விளங்கியவர் ஸ்டெஃபான் தார்னியே. அவர் 1878 ஆம் ஆண்டில் அந்நகரின் விலங்குக்காட்சிச் சாலையைப் பார்வையிடச் சென்றவிடத்து, கோழிமுட்டைகளைப் பொரிக்கவைக்கும் வெப்பப் பெட்டி ஒன்றைக் கண்டார். அதனை ஆக்கியவர் அங்கே கோழிகளைப் பராமரித்துவந்த ஒதில் மார்த்தான் என்பவர். குஞ்சுக்கு உதவுவது குழந்தைக்கு உதவாதா என்று தார்னியேக்குத் தோன்றியது. அவருடைய வேண்டுகோளின்படி மார்த்தான் செய்துகொடுத்த பெட்டி 1880 ஆம் ஆண்டிலே மகப்பேற்று மனையில் வைக்கப்பட்டது. அடியில் வெந்நீர்த் தொட்டி, மேலே ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தத்தக்க அறை. அவ்வளவுதான் அதன் அமைப்பு. இன்று இன்கியுபேற்றர் என்று நாம் வழங்கும் பெட்டியின் முன்னோடி இதுவே. இரண்டு கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடன் அம்மனையிற் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 66 இறந்துகொண்டிருந்த நிலைமை மாறி, சில ஆண்டுகளில் அத்தொகை 38 ஆகக் குறைந்தது. பெட்டியின் வெற்றியைப் பற்றி ஐயுற இடமில்லை.

ஆனால் வரலாற்று மாணவன் வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். அப்பெட்டி வருமுன்னர் மாதம் நிறையாத பிள்ளை பிழைத்தாலும் இறந்தாலும் தாயின் பக்கத்திலேயே கிடந்தது. பஞ்சிலே பொதிந்து, அடுப்பங்கரையின் வெதுவெதுப்பிலே வைத்துப் பார்த்தார்கள். பெட்டி வந்ததும் பெட்டிகளை ஒருங்கே வைக்க ஒரு மண்டபம் வேண்டியதாயிற்று. மண்டபம் வந்ததும் அதனைக் காக்கத் தாதியும், தாதிக்கு ஒரு நேர அட்டவணையும் வந்தன. 1893 ஆம் ஆண்டில் அம்மனையின் தலைமை மருத்துவமாதாய் இருந்த மதாம் ஹென்றி என்பார் பலவீனக் குழந்தைகளுக்கெனத் தனிக்கட்டடம் ஒன்றை நிறுவினார். நல்லெண்ணத்துடன் செய்த காரியமே அது. இருந்தும், பிள்ளைக்கு ஒரு கூரையும் தாய்க்கு இன்னொரு கூரையும் என்ற ஏற்பாடு அந்தக் கட்டடத்திலேதான் உருப்பெற்றது.

1895 இல் அக்கட்டடத்தின் பொறுப்பை ஏற்றவர் தார்னியேயின் மாணவரான பியேர் பூதான். இவ்வரலாற்றிலே எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தாம். பிள்ளைகளின் நிறையை மட்டும் குறித்துக்கொண்டிராமல், அவர்களைப் பெற்றவர்களையும் கவனித்தவர். தமது கையாற் பாலூட்டாமலும், பிள்ளையின் தேவை எதனையும் தாமே செய்யாமலும் வாரக்கணக்காகப் பிரிந்திருந்த தாய்மாருட் சிலர், பிள்ளை பிழைத்த பின்னரும் அதன்மேற் பற்றின்றிப் போனதையும், சிலர் அதனைக் கைவிட்டே சென்றதையும் அவர் கண்டார். கண்டதை 1900 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பால்குடிக் குழந்தை' எனப் பொருள்படும் தமது நூலிலே பதிந்தும் வைத்தார். "தாய்மாருக்கு இரக்கமில்லை" என்று கடிந்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ ஏற்பாட்டிலே பிழை தேடினார். தாய் பிள்ளையைப் பார்க்கும்படி பெட்டிக்குக் கண்ணாடிச் சுவர் வேண்டும் என்றார். தாயே வந்து பாலூட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். 1907 இல் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. என் மகள் விறாந்தையிலே சொன்ன சொல்லை, நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே ஒரு வைத்தியர் கேட்டு எழுதிவைத்திருக்கின்றார் என்று அறிந்தபோது எனக்கு ஒருவகை ஆறுதலும் ஒருவகைக் கோபமும் உண்டாயின. அறிந்த பின்னரும் ஏன் அந்த அறைகள் மாறவில்லை?

மாறாததோடு நில்லாமல் அவை மிக விநோதமான வழியிலும் சென்றன. பூதானின் மாணவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட மார்ட்டின் கூனி என்பவர் 1896 இல் பேர்லின் பொருட்காட்சியிலே உயிருள்ள குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினார். மறு ஆண்டு இலண்டனிற் காட்டினார். பின்னர் அமெரிக்கா சென்று, நியூயோர்க் நகரத்துக் கடற்கரையிலுள்ள கோனி ஐலன்ட் என்னும் கேளிக்கைத் திடலில் 1903 முதல் 1943 வரை, நாற்பது ஆண்டுகளாக, கோடைதோறும் இக்காட்சியை நடத்தினார். நுழைவுக் கட்டணம் 25 சதம். இராட்டினத்துக்கும் தின்பண்டக் கடைகளுக்கும் நடுவே, கம்பி வேலிக்கு அப்பால் கண்ணாடிப் பெட்டிகள். அவற்றினுள்ளே உள்ளங்கை அளவான உயிர்கள். நமது ஊர்களில் கார்னிவல் நடக்கும் மைதானத்தை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் காட்சி விளங்கும்.

அருவருப்பாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் இம்மனிதரைத் தூற்றி ஒதுக்குவது நியாயமாகாது. அவர் முறையாக வைத்தியப் பட்டம் பெற்றவர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை; அதேவேளை, பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் கொடுத்த காசே பாலுக்கும் தாதியருக்கும் போயிற்று. அக்காலத்து அமெரிக்க வைத்தியசாலைகளிற் பெரும்பாலானவற்றில் இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு மூலைகூட இல்லை. 1907 இல் தம்முடைய சொந்த மகளே மாதம் நிறையாமற் பிறந்தபோது அவளையும் அந்தப் பெட்டியிலேதான் வைத்துக் காப்பாற்றினார். எனினும் அக்கூடம் யாருக்காக அமைக்கப்பட்டது என்று பாருங்கள். பார்வையாளர் வரிசையாய் வந்து போக வழி. விளக்கம் சொல்பவர் நிற்க மேடை. பெற்றோருக்குக் கட்டணமில்லா அனுமதிச் சீட்டு உண்டு. ஆயினும் அவர்களும் வேலிக்கு வெளியே நிற்கும் பார்வையாளரே. பிள்ளை தேறிய பின்னர் அதனை வீட்டுக்கு அழைத்துச் செல்லும்படி சில பெற்றோரை வற்புறுத்த வேண்டியிருந்தது என்று கூனியே சொல்லியிருக்கின்றார். பூதான் பாரிசிற் கண்டதே கடல்கடந்தும் நிகழ்ந்தது.

வைத்தியசாலைகள் இப்பிள்ளைகளை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டன. 1922 இல் சிக்காகோ நகரத்து சேரா மொரிஸ் வைத்தியசாலையிலே ஜூலியஸ் ஹெஸ் என்பவர் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனி நிலையம் ஒன்றை அமைத்தார். அதனைப் பின்பற்றி வேறு நகரங்களிலும் இவை தோன்றின. இங்கே பார்வையாளர் கூட்டம் இல்லை. அதனுடன் தாயும் இல்லை. காரணம் கொடுமையன்று, அச்சம். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் வராத காலம் அது. வயிற்றோட்டமோ சுவாச நோயோ ஒரு பிள்ளைக்குத் தொற்றினால் மறுநாள் முழு அறையும் படுத்துவிடும். வெளியிலிருந்து வரும் எவரும் நோயைக் கொண்டுவருபவரே என்று கொண்டார்கள். ஆதலால் சுவர்கள் உயர்ந்தன. பிள்ளைகளைக் கண்ணாடித் தடுப்புகளாற் பிரித்தார்கள். தாதி மேலங்கியும் முகமூடியும் அணிந்தாள். அகன்ற யன்னல் ஒன்று விறாந்தைப் பக்கம் வைக்கப்பட்டது. குறித்த நேரத்தில் தாதி உள்ளிருந்து பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். தந்தையும் தாயும் வெளியிலிருந்து பார்ப்பார்கள். தாய் வெறுங்கையுடன் வீடு செல்வாள். பல வாரங்கள் கழித்து, பிள்ளை ஏறக்குறைய ஐந்து இறாத்தல் நிறையை எட்டியதும், அவளை அழைத்து அவள் கையிலே கொடுப்பார்கள். முதன்முறையாகத் தன் பிள்ளையைத் தொடும் அப்பெண்ணிடம் அன்றே அதனைத் தனித்து வளர்க்கவும் சொல்வார்கள்.

இவ்விடத்தில் நம் வீடுகளின் பழக்கம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அவளைத் தனியறையில் இருத்திப் பிறர் அண்டாது காப்பார்கள். இதிலுள்ள மூடநம்பிக்கையைப் பற்றி நாம் வேண்டியமட்டும் பேசியிருக்கின்றோம்; இன்னும் பேசலாம். ஆனால் அந்த அறையின் சுவர் தாயையும் பிள்ளையையும் ஒன்றாக உள்ளே வைத்துவிட்டு உலகத்தை வெளியே நிறுத்தியது. சிக்காகோவின் சுவரோ தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நின்றது.

அச்சுவருக்கு முன் ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இருக்கவில்லை. 1963 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7 ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடிக்கு ஓர் ஆண்குழந்தை ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தது. பற்றிக் என்று பெயரிட்டார்கள். நிறை ஏறக்குறைய 2.1 கிலோகிராம், இன்றைய கணக்கிலே பெரிய பிள்ளை என்றே சொல்லலாம். மூச்சுத்திணறல் கண்டதால் பிள்ளையை பொஸ்டன் நகரத்துக்கு எடுத்துச் சென்று, உயர்ந்த அமுக்கத்தில் ஒட்சிசன் செலுத்தும் உருக்கு அறை ஒன்றினுள் வைத்தார்கள். தாய் ஜாக்குலின் தான் பிள்ளைபெற்ற விமானப்படை வைத்தியசாலையிலேயே கிடந்தார். உலகின் மிக வலிமைவாய்ந்த பதவியில் இருந்த தந்தை, அந்த உருக்கு அறையின் சிறு கண்ணாடித் துவாரத்தினூடாகவே தம் மகனைப் பார்க்கவேண்டியிருந்தது. 9 ஆம் நாள் அதிகாலையில் பிள்ளை இறந்தது. அம்மரணம் மக்களின் கவனத்தைக் குறைமாதக் குழந்தைகளின் பக்கம் திருப்பியது. அவர்களின் நுரையீரலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஊக்கம் பிறந்தது. பெற்றோர் நிற்கும் இடத்தைப் பற்றி அப்போதும் யாரும் அதிகம் பேசவில்லை.

பேசியவர் சிலர் உளர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலே ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் வைத்தியர், 1925 இலிருந்தே நோயுற்ற சிசுக்களுடன் தாய்மாரையும் வைத்தியசாலையில் தங்கவைத்தார். தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பேர்க் நகரை அடுத்த பரக்வனாத் வைத்தியசாலையில், 1950 களிலே தாதியர் போதாமையால் தாய்மாரைக் குறைமாதப் பிரிவுக்குள் அழைத்துப் பிள்ளைகளைப் பராமரிக்கச் செய்தனர். இந்த இரண்டாவது செய்தியை நேயர்கள் மனதிற் கொள்ளவேண்டும். வசதி மிகுந்த நாடுகள் தத்துவம் பேசிக்கொண்டிருந்தபோது, கையில் ஆள் இல்லாத இடங்கள்தாம் கதவை முதலில் திறந்தன.

செல்வ நாடுகளின் கதவு வேறு வழியாகத் திறந்தது. 1960 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து வைத்தியசாலையில் லூயி குளக் என்பவர் கண்ணாடித் தடுப்புகளை அகற்றி, நோயுற்ற சிசுக்களை ஒரே பெரிய மண்டபத்தில் வைக்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவை அமைத்தார். நோய் சுவரைத் தாண்டிக் காற்றிலே பறந்து வருவதிலும், கழுவாத கையிலே ஒட்டிவருவதே அதிகம் என்பது அவர் துணிபு. கையைத் தேய்த்துக் கழுவினால் தடுப்பு வேண்டியதில்லை. அரை நூற்றாண்டாகத் தாயை வெளியே நிறுத்திய காரணத்தின் அடித்தளம் அங்கே ஆட்டங்கண்டது. தாதியின் கை கழுவினாற் சுத்தமாகுமெனில் தாயின் கையும் சுத்தமாகும் அல்லவா? இச்சிறு கேள்வியைக் கேட்க மேலும் சில ஆண்டுகள் சென்றன. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் வைத்தியசாலையிலே தாய்மாரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நோய்த்தொற்று கூடவில்லை என்ற முடிவு 1970 இல் வெளியாயிற்று. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவருள் ஒருவரான மார்ஷல் கிளவுஸ், ஜோன் கெனல் என்பவருடன் சேர்ந்து 1976 இல் தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. பிறந்த உடனே சில மணித்தியாலத்தில் தொடாவிட்டால் பிணைப்பே உண்டாகாது என்னும் அளவுக்குச் சிலர் அந்நூலை விளங்கிக்கொண்டனர். அது மிகைப்பட்ட கூற்று. பிரிந்திருந்த தாய்மார் எத்தனையோ பேர் பிள்ளைகளை உயிராய் வளர்த்திருக்கின்றார்கள். ஆயினும் கதவு திறந்தது.

கதவு திறந்தாலும் உள்ளே கதிரை வரவில்லை. அதனைக் கொண்டுவந்ததிலும் வறுமைக்கே பெரும் பங்குண்டு. கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் ஏழைத் தாய்மாருக்கான மகப்பேற்று மனை ஒன்றில் இன்கியுபேற்றர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று பிள்ளைகளைக் கிடத்தவேண்டிய நிலை. தொற்றும் மரணமும் பெருகின. கைவிடப்பட்ட பிள்ளைகளும் பெருகினர். 1978 இல் அங்கிருந்த எட்கார் ரேய் என்னும் வைத்தியர், பிள்ளையைத் தாயின் மார்பிலே, தோலோடு தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். தாயின் உடற்சூடே வெப்பம், அவள் பாலே உணவு. ஹெக்டர் மார்த்தினெஸ் என்னும் வைத்தியரும் அடுத்த ஆண்டில் இப்பணியிற் சேர்ந்துகொண்டார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பதுபோன்றது என்பதால் இதற்குக் 'கங்காரு முறை' என்று பெயராயிற்று. 1979 இல், அன்று சோவியத் ஒன்றியத்தில் அடங்கியிருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரத்திலும் தாதியர் தட்டுப்பாடு. அங்கே ஆடிக் லெவின் என்பவர் தாய்மாரை இருபத்துநான்கு மணித்தியாலமும் பிள்ளைகளுடன் தங்கவைத்தார்.

இப்போது அறையின் கணக்கு மாறவேண்டியதாயிற்று. மார்பிலே பிள்ளையைக் கட்டிய தாய் மணிக்கணக்காக நின்றுகொண்டிருக்க முடியாது. அவளுக்குச் சாய்வுக் கதிரை வேண்டும். அதைச் சூழத் திரை வேண்டும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். குளக் வகுத்த பெருமண்டபத்தின் குறைகளும் அப்போதுதான் புலப்பட்டன. ஒரு தாதி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பார்வையிற் காண அம்மண்டபம் மிகப் பொருத்தமானது. ஆனால் பெற்றோருக்கோ, அயலிலே கிடக்கும் பிள்ளையின் இயந்திரம் அபாய ஒலி எழுப்பும்போதெல்லாம் தம் பிள்ளைக்குத்தான் ஏதோ நேர்ந்ததென்று நெஞ்சு துடிக்கும். வைத்தியர் ஒரு தந்தையிடம் தாழ்ந்த குரலிற் சொல்லும் துயரச் செய்தி நாலு குடும்பங்களின் காதில் விழும். அழுவதற்கும் அங்கே மறைவிடம் இல்லை.

ஆகவே, கடந்த நூற்றாண்டின் இறுதியிலிருந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியறை கொடுத்து, அவ்வறையிலேயே பெற்றோருக்குக் கட்டிலும் வைக்கும் அமைப்புப் பரவியது. இதிலே முன்னின்றவற்றுள் சுவீடன் ஒன்று. ஸ்டொக்ஹோம் நகரத்தில் 366 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட முடிவின்படி, பெற்றோர் இரவும் பகலும் உடன் தங்கிய பிள்ளைகள் வைத்தியசாலையில் இருந்தது சராசரி 27.4 நாள்; வழக்கமான பிரிவில் இருந்த பிள்ளைகள் 32.8 நாள். ஐந்து நாளுக்கு மேல் வேறுபாடு. அமெரிக்காவின் புரொவிடன்ஸ் நகரத்து வைத்தியசாலை ஒன்று 2009 இல் பெருமண்டபத்தை விட்டுத் தனியறைகளுக்கு மாறியது. 2014 இல் வெளிவந்த ஆராய்ச்சி அங்கே பிள்ளைகளின் நிறை நன்கு கூடியதையும், தாய்மாரின் மனவழுத்தம் குறைந்ததையும் காட்டியது. தாய் அதிகமாக வந்திருந்து பிள்ளையைப் பராமரித்ததே அந்நன்மைக்குப் பெருங்காரணம் என்பதையும் அவ்வாராய்ச்சி எடுத்துக்காட்டியது.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதே 2014 இல், அதே அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்திலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. அங்கே தனியறையில் வளர்ந்த பிள்ளைகள், இரண்டு வயதாகும்போது, பெருமண்டபத்தில் வளர்ந்தவர்களிலும் பேச்சுத்திறனிற் பின்தங்கியிருந்தார்கள். தனியறைத் தாய்மாரின் மனவழுத்தமும் கூடுதலாகவே காணப்பட்டது. சுவர்களிலோ கட்டிலிலோ குறையில்லை. குறை என்னவென்றால், அங்கே பல பெற்றோர் நெடுநேரம் வந்திருக்கவில்லை. தாய் வராத தனியறை மௌனமான அறை. பெருமண்டபத்திலாவது தாதியரின் பேச்சும், அயற்பிள்ளையின் தாய் பாடும் தாலாட்டும் காதில் விழும். தனியறையில் இயந்திரத்தின் ஒலி மட்டுமே. தாய்க்கும் அப்படியே. மண்டபத்திலே பக்கத்துப் பெட்டித் தாயுடன் நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றியவள், தனியறையில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டொக்ஹோமில் நன்மை தந்த தனியறை சென் லூயிசில் ஏன் தரவில்லை? விடை வைத்தியசாலைக்கு வெளியே இருக்கின்றது என்பது என் எண்ணம். சுவீடனில் 1974 முதல் தாய் தந்தை இருவருக்கும் சம்பளத்துடன் மகப்பேற்று விடுமுறை வழங்கும் சட்டம் உண்டு. அமெரிக்காவின் மத்திய அரசு 1993 இல் இயற்றிய சட்டமோ பன்னிரண்டு வாரம் சம்பளமில்லாத விடுமுறையை மட்டுமே உறுதிசெய்தது. அதுவும் எல்லாத் தொழிலாளருக்கும் இல்லை. கட்டில் போட்டிருந்தும், அதிலே படுக்கவேண்டியவள் தொழிற்சாலையிலோ, மூத்த பிள்ளைகளுடன் தொலைதூர வீட்டிலோ இருந்தால் அக்கட்டிலால் யாது பயன்? கட்டடக் கலைஞர் வரைபடத்தில் அறையின் பாதியைத்தான் வரைகின்றார். மற்றப் பாதியை வரைவது பஸ் கட்டணமும் விடுமுறைச் சட்டமும் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உறவினரும். நம்முடைய நாட்டிலும் தனியறைகளுக்குப் பணம் தேடுவோர் இதனை முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்வரலாற்றின் அண்மைய அதிகாரம் 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளிலுள்ள ஐந்து வைத்தியசாலைகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. இந்தியாவில் இடம்பெற்றது டில்லியிலுள்ள சப்தர்ஜங் வைத்தியசாலை. ஒரு கிலோகிராமுக்கும் 1.8 கிலோகிராமுக்கும் இடைப்பட்ட 3,211 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். அதற்கு முன்னர் பிள்ளையின் உடல்நிலை தேறிய பின்னரே கங்காரு முறையைத் தொடங்குவது வழக்கம். இங்கோ பிறந்த உடனேயே தொடங்கினார்கள். அதற்கு அறையை மாற்றவேண்டியிருந்தது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் உள்ளே, இயந்திரங்களின் பக்கத்திலே, தாய்க்குக் கட்டில் போட்டார்கள். சத்திரசிகிச்சை செய்துகொண்ட தாயும் அங்கேயே கிடந்தாள். அவளுடைய தையலைக் கவனிப்பவர்களும் அங்கேயே வந்தார்கள். கீழ்மாடி, மேல்மாடி என்ற பேச்சில்லை.

அப்பிள்ளைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய பதினேழு மணித்தியாலம் மார்பிலே கிடந்தனர். மற்றப் பிரிவினருக்கு, தேறும் வரையில், ஒன்றரை மணித்தியாலமே கிடைத்தது. முதல் இருபத்தெட்டு நாளில், பழைய முறைப்படி பராமரித்தவர்களுள் நூற்றுக்கு 15.7 பேரும், தாயுடன் இருந்தவர்களுள் 12 பேரும் இறந்தனர். நன்மை இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆராய்ச்சியைக் குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்திவிட்டார்கள். இன்னோர் எண்ணையும் சொல்லவேண்டும். இரத்தத்தில் நோய்த்தொற்று என்று ஐயுறப்பட்ட பிள்ளைகள் பழைய முறையிலே நூற்றுக்கு 27.8, தாய் உள்ளே இருந்த அறையிலே 22.9. தொற்று வரும் என்று அஞ்சி, சிக்காகோவிலும் உலகின் எத்தனையோ நகரங்களிலும் எவளை யன்னலுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அவள் உள்ளே வந்தபோது தொற்றுக் குறைந்தது. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்த உடனேயே கங்காரு முறையைத் தொடங்கவேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் பரிந்துரை செய்தது.

அந்த ஆராய்ச்சியிலே ஒரு சிறு விதி உண்டு. தாய் களைத்திருக்கும்போதும், அவளால் இயலாதபோதும், அவள் தெரிந்துகொண்ட உறவினர் ஒருவர் பிள்ளையை மார்பிலே தாங்கலாம். அவருக்கும் கை கழுவக் கற்றுக்கொடுத்து, சுத்தமான ஆடை உடுத்தி, உள்ளே இருத்தினார்கள். டில்லியிலும் கானாவிலும் அந்த அறைகளிலே அம்மம்மாமாருக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள் என்பதை, விறாந்தை வாங்கிலில் பதினொரு நாள் இருந்தவள் என்ற முறையில், நான் இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.